சார்லஸ் மீட்: இரண்டு ஊழியங்களுக்கு நடுவே

குமரி மண்ணில் ஊழியம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது. சபையில் அது இறைப்பணி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அது ஒடுக்கப்பட்ட சாதியார் மீது சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலை. முதல் ஊழியத்தைச் செய்ய வந்தவர் இரண்டாவதைக் கண்டும் காணாமல் இருக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொன்னவர் சார்லஸ் மீட்.

இங்கிலாந்தில் 1792ல் பிறந்த மீட், லண்டன் மிஷன் அனுப்பிய போதகர். மனைவியை இழந்த துயரத்தோடு 1818ன் தொடக்கத்தில் குளச்சலில் கரையிறங்கினார். அவர் வந்து உருவாக்கிய சபை அல்ல இது. சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பால் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அங்கே 1809ல் ஆலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே 1816ல் போன பிறகு இரண்டு ஆண்டுகள் சபையைக் கட்டிக்காத்தவர் வேதமாணிக்கமே. வெள்ளைக்காரர் வந்து நம்மை எழுப்பினார் என்று வரலாறு எழுதுவோர் இதை மறக்கக்கூடாது.

மீட் போதனையைக் கைவிடவில்லை. மயிலாடியிலிருந்த செமினரியை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து உபதேசியார்களைப் பயிற்றுவித்தார். பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அதிலிருந்துதான் வளர்ந்தது. 1820ல் அச்சகம் நிறுவித் தமிழில் வேத நூல்களை அச்சிட்டார். ஆனால் கற்றவர்தானே படிப்பார்? எனவே பள்ளிகள் வந்தன. அவர் பின்னர் மணந்த ஜோஹன்னா 1819ல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சக மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள் அடிமைப் பெண்கள். பிரசங்கம் மட்டும் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

ரெசிடெண்ட் மன்றோ மீட்டை நாகர்கோவிலில் நீதிபதியாகவும் அமர்த்தினார். நீதிமன்றத்தின் பக்கமே நெருங்க முடியாதிருந்த மக்களுக்கு அது பெரும் துணை. போதகருக்கு அரசுப் பதவி எதற்கு என்று லண்டன் தலைமை மறுப்புத் தெரிவிக்க, ஓராண்டளவில் விலகினார். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. அதிகாரத்தின் நிழலில் வரும் நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருக்கும்? ஆனாலும் பதவியை விட்டவர் நீதியை விடவில்லை. 1820களில் மேலாடை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டபோது, அவர்களுக்காக நீதிமன்றம் வரை போனார்.

1828ல் நெய்யூருக்குக் குடிபெயர்ந்து அங்கும் பல ஆண்டுகள் உழைத்தார். அடிமை முறையை ஒழிக்கக் கோரி மிஷனரிகள் 1847ல் மன்னருக்கு மனு அளித்தனர். 1855ல் அடிமை ஒழிப்புப் பிரகடனம் வந்தது.

அவருக்கான கடைசித் தேர்வு வைத்தது அரசல்ல, சொந்தக் கூட்டம். ஜோஹன்னாவின் மறைவுக்குப் பின், 1850களின் தொடக்கத்தில், தேவவரம் என்பவரின் மகள் லோயிஸை மணந்தார். லோயிஸ் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். கடவுள் முன் எல்லோரும் சமம் என்று பிரசங்கித்த ஐரோப்பியர் முகம் சுளித்தார்கள். சாதியை விடாத சபையாரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மிஷனிலிருந்து மீட் விலக நேர்ந்தது. பிறகு சமஸ்தானப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகப் பணியாற்றி, 1873ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

மீட்டின் பெயரைச் சபை விழாக்களில் நாம் இன்றும் சொல்கிறோம். லோயிஸின் பெயரைச் சொல்கிறோமா? உபதேசம் மேடையில் நின்றுவிடலாம், சேவை ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிடலாம். இரண்டும் உண்மையா என்பது வீட்டுப் பந்தியிலும் மணப்பந்தலிலும் கல்லறைத் தோட்டத்திலும்தான் தெரியும். தமிழகத்தில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி அரசு அவர்களைப் பட்டியலினத்துக்கு வெளியே நிறுத்துகிறது. அரசிடம் நியாயம் கேட்டு வீதிக்கு வரும் திருச்சபை, அதே நியாயத்தைத் தன் கல்லறைச் சுவரிலிருந்து தொடங்கட்டும்.