அரசியல் நிர்ணய சபையில் ஒரு புலையர் வீட்டுப் பெண்

நாட்டின் அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபையில் பெண்கள் 15 பேர் இருந்தார்கள். அவர்களில் தலித் பெண் ஒருவர்தான்: தாட்சாயணி வேலாயுதன். கேரள அரசு அவர் பெயரில் விருது ஒன்றை அறிவித்தது. அண்ணல் அம்பேத்கர் படம் இல்லாத சேரி நம் மாவட்டத்தில் இல்லை; அதே சபையில் அமர்ந்திருந்த இந்த அம்மையாரின் படத்தை நாம் எங்கும் மாட்டியதில்லை. இத்தனைக்கும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது சென்னை மாகாணச் சட்டமன்றம்.

எர்ணாகுளத்தை ஒட்டிய காயலில் முளவுகாடு என்றொரு தீவு. 1912 ஜூலை 4 அன்று அங்கே ஒரு புலையர் குடும்பத்தில் அவர் பிறந்தார். புலையர்கள் பொதுவழியில் நடக்கக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்றிருந்த காலம். கூட்டம் போடவும் நிலம் கிடையாது. 1913-இல் அந்த மக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வள்ளங்களைக் காயலுக்குள் கொண்டுபோய் ஒன்றோடொன்று கட்டி, தண்ணீர் மேலேயே கூட்டம் நடத்தினார்கள். நிலத்துக்குத்தானே தடை! அதை முன்னின்று நடத்தியவர்களில் தாட்சாயணியின் குடும்பத்தாரும் உண்டு.

பெயரிலேயே போராட்டம் தொடங்கிவிட்டது. அங்கே புலையர் வீட்டுப் பெண்களுக்கு அழகி, சக்கி, காளி, குறும்பா என்றுதான் பெயர் வைப்பார்கள். தாட்சாயணி என்பது மேல்சாதியார் தமக்கென்று வைத்திருந்த பெயர். நம் ஊர்களிலும் குப்பி, கருப்பி என்று வைக்கப்பட்ட பாட்டிமார்கள் இருந்தார்கள். அதனால் இதை விளக்க வேண்டியதில்லை.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். வகுப்பில் அவர் ஒருவரே பெண். சோதனைகளை அருகில் நின்று பார்க்க ஆசிரியர் விடவில்லை. தள்ளி நின்று பார்த்தே கற்றார். 1935-இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான் என்கிறார்கள். ஆசிரியர் பயிற்சி படிக்கச் சென்னைக்கு வந்தார். பிறகு திருச்சூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் வேலை. ஒருநாள் வயல் வரப்பில் எதிரே வந்த மேல்சாதிப் பெண் ஒருவர், சேற்றில் இறங்கி வழிவிடச் சொன்னார். ஆசிரியை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் வந்தவர்தான் வயலில் இறங்கிப் போனார்.

1940-இல் காந்தியின் சேவாகிராம ஆசிரமத்தில் திருமணம். தொழுநோயாளி ஒருவர் நடத்திவைத்தார். 1945-இல் கொச்சி சட்டசபை உறுப்பினரானார். அடுத்த ஆண்டு அரசியல் நிர்ணய சபை. அப்போது வயது 34.

அங்கே அவர் பேசியவற்றில் சில நமக்கே நெருடும். தனித்தொகுதி முறையை எதிர்த்தார், இடஒதுக்கீட்டையும் ஏற்கவில்லை. பொருளாதாரத்தில் அடிமையாக இருக்கும்வரை எந்தத் தொகுதி முறையாலும் பயனில்லை, சமூக இழிவுகள் உடனே ஒழிய வேண்டும் என்பது அவர் வாதம். இதில் நாம் அவரோடு உடன்படவில்லை. ஒதுக்கீடு இல்லையென்றால் நம் பெண்கள் ஊராட்சி அலுவலகத்துக்குள் கால்வைத்திருக்கவே முடியாது. ஆனால் கூலிக்கு ஊர்த்தெருவை நம்பியிருக்கும் ஒரு பெண் தலைவர் நாற்காலியில் எவ்வளவு தைரியமாக உட்கார முடியும் என்று யோசித்தால், அவர் எதைச் சொன்னார் என்பது புரியும்.

பெண் என்றால் பெண்கள் விஷயம், தலித் என்றால் தலித் விஷயம் என்று அவர் ஒதுங்கவும் இல்லை. 1948 நவம்பரில் வரைவுச் சட்டத்தையே விமர்சித்தார். அதிகாரம் மத்தியில் குவிகிறது, மக்கள் தேர்தலில் ஒப்புதல் தந்த பிறகே சட்டம் நடைமுறைக்கு வரவேண்டும் என்றார். அதே மாதம் 29-ஆம் தேதி, தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்று 17-ஆவது பிரிவாக இருப்பது அதுதான். சட்டம் எழுதினால் போதாது, அரசுகள் மக்களிடம் பிரசாரம் செய்யவேண்டும் என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது, தலைமை வகித்தவர் குறுக்கிட்டு, நேரம் முடிந்துவிட்டது, பெண் என்பதால் மட்டுமே மேலும் பேச அனுமதிக்கிறேன் என்றார். பிறந்த நாளிலிருந்து தீண்டாமையை அனுபவித்தவர், அதை ஒழிக்கும் விவாதத்தில் சலுகை நேரத்தில் பேச வேண்டியிருந்தது!

இடைக்கால நாடாளுமன்றத்தில் அவரும் கணவர் ஆர்.வேலாயுதனும் சேர்ந்தே உறுப்பினர்களாக இருந்தார்கள். 1952-இல் முதல் பொதுத்தேர்தல் வந்தது. கணவர் ஜெயித்து மக்களவைக்குப் போனார். சட்டத்தை உருவாக்கிய மனைவி போகவில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள். 1971-இல் அடூர் தொகுதியில் நின்று தோற்றார். 19 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரும் பெண்ணுக்காக எந்தத் தொகுதியும் காத்திருப்பதில்லை.

டெல்லியில் துப்புரவுத் தொழிலாளிப் பெண்களிடையே வேலை செய்தார். 1977-இல் தலித் பெண்களைத் திரட்டி மாநாடு நடத்தி, மகிளா ஜாக்ருதி பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 65. மறு ஆண்டு ஜூலை 20 அன்று காலமானார்.