கல்மரம் கண்ட கிருஷ்ணன்



எங்க வீட்டுத் திண்ணையில ஒரு கல் கிடக்கு. கொல்லை உழும்போது தாத்தாவுக்குக் கிடைச்சது. விறகு மாதிரி கோடு கோடா இருக்கும். அது கல்மரத் துண்டு என்பார் தாத்தா. அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போற சுண்ணாம்புக்கல்தான்னு நான் சாதிச்சேன். சரி, சோதிச்சுப் பாத்துடலாம்னு உட்கார்ந்தோம்.

முதலில் இரும்பு ஆணியால் கீறினேன். கோடு விழுந்தது! ஜெயிச்சுட்டேன்னு குதிச்சேன். தாத்தா ஈரத் துணியால் துடைச்சார், கோடு காணோம்! கல் தேயவில்லை. ஆணிதான் தேய்ஞ்சு அதுமேல ஒட்டியிருக்கு. சுண்ணாம்புக்கல் என்றால் நிஜமாகவே கீறல் விழும். அடுத்து வினிகர் விட்டேன். பக்கத்தில் வைத்த சுண்ணாம்புக்கல் தூள் நுரைத்தது, இது சும்மா இருந்தது. கடைசியில் கண்ணாடித் துண்டில் உரசினேன். கண்ணாடியில்தான் கீறல்! அப்படியென்றால் இது சிலிக்கா. லென்ஸ் வைத்து மர ரேகையைப் பார்த்த அறிவியல் ஐயாவும் தாத்தா பக்கம்தான்.

டைனோசர் காலத்தில் நம்ம பக்கம் கடல் இருந்தது. அதில் அடித்து வரப்பட்ட மரங்கள் சேற்றில் புதைந்தன. சிலிக்கா கரைந்த தண்ணீர் உள்ளே ஊறி, மரம் கல்லானது. சாத்தனூரில் அப்படி 18 மீட்டர் நீள மரமே கிடக்கிறது. 1940-ல் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன்.

அவர் 1898-ல் தஞ்சாவூர் ஜில்லா மகாராஜபுரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். 1924-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது அங்கே வெள்ளைக்காரர்தான் தலைமை. 1943-ல் இந்தியா, பர்மா நிலவியல் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள். 1851-ல் தொடங்கிய துறைக்கு ஓர் இந்தியர் தலைவராக 100 வருஷம் ஆச்சு. 1951-ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் நம்ம கிருஷ்ணன்தான்! 1970-ல் பத்மபூஷண் பெற்றார், அதே ஆண்டு காலமானார்.

நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். சுற்றுலா போனப்ப சாத்தனூர்ல கீழே கிடந்த ஒரு சில்லைப் பையில போட்டுக்கிட்டேன். இதை எழுத ஆரம்பிச்சதிலிருந்து மனசு உறுத்துது. ஆளுக்கு ஒரு சில்லு எடுத்தா மரம் எங்கே மிஞ்சும்? அடுத்த தடவை போகும்போது அங்கேயே வச்சுடுவேன். சோதிச்சுப் பாக்க நம்ம கொல்லைக் கல்லே போதும்!

9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்