பொறி பறக்காத பொறி தந்த மேதை

கிணற்றடி மோட்டாரின் மேலோ பக்கவாட்டிலோ சிறு இரும்புப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்போம். மின்கம்பிகள் வந்து சேரும் இணைப்புப் பெட்டி அது. மும்முனை மோட்டாரில் அதனைத் திறந்தால் ஆறு முனைகளும் மூன்று பித்தளைத் தகடுகளுமே பெரும்பாலும் தென்படும். இத்துணை எளிமைக்கு வழி வகுத்தவர் நிக்கோலா தெஸ்லா.

இன்று குரோஷியாவில் உள்ள சிமில்யான் என்னும் சிற்றூரில், 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், செர்பிய மரபினரான ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரக் கல்லூரியில் பயில்கையில் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் எந்திரம் ஒன்றைக் கண்டார். சுழலும் பகுதிக்கு மின்சாரம் செல்லத் திசைமாற்றியும் அதன்மீது உரசும் தூரிகைகளும் தேவைப்பட்டன. உரசிய இடத்தில் தீப்பொறி பறந்தது. இவையின்றி மோட்டாரை ஓட்ட இயலாதா என்று கேட்டார் மாணவர். நடவாத செயல் என்று வகுப்பிலேயே மறுத்தார் பேராசிரியர். ஆனால் அந்த வினா தெஸ்லாவை விடவில்லை.

1882இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பருடன் உலவுகையில் விடை பிறந்தது. குச்சியால் மணலில் வரைந்து காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடும் மாறுமின்னோட்டங்களை அசையாத சுருள்களில் செலுத்தினால், காந்தப்புலம் தானே சுழலும். நடுவிலுள்ள உருளையையும் உடன் சுழற்றும். சுழலும் பகுதிக்கு வெளியிலிருந்து கம்பியே வேண்டாம்!

1884இல் அமெரிக்கா சென்றவர், எடிசன் நிறுவனத்தில் சில மாதங்களே பணியாற்றினார். பின்னர் வயிற்றுப்பாட்டுக்காகப் பள்ளம் தோண்டும் கூலி வேலையும் செய்தார். 1888 மே முதல் நாள் அவருடைய மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. இத்தாலியின் ஃபெராரிஸும் இதே கருத்தைத் தனியே கண்டிருந்தார். அடுத்த ஆண்டே டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி மும்முனை மோட்டாரை உருவாக்கினார்.

மின்சாரம் ஏறும் சுருள்கள் அசையாமல் இருப்பதால்தான் அவற்றின் முனைகளை ஒரே பெட்டியில் சேர்க்க முடிகிறது. மூன்று சுருள்களுக்கு ஆறு முனைகள். தகடுகளை மாற்றி வைத்து ஸ்டார் அல்லது டெல்டா முறையில் இணைக்கலாம். வரும் கம்பிகளுள் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஸ்டாருக்கு உரியதை டெல்டாவில் இணைத்தாலோ, ஒவ்வொரு சுருளிலும் மின்னழுத்தம் 1.73 மடங்காகி அது கருகிவிடும். கேபிள் நுழையும் துளை கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் உட்புகாது. நிலக்கம்பியை மறத்தல் உயிருக்கே கேடாகும்.

1896இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. தெஸ்லாவின் முறை வென்றது. ஆயினும் செல்வம் அவரிடம் தங்கவில்லை. 1943 ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு விடுதி அறையில் தனியராய் மறைந்தார். 1960இல் காந்தப்புலச் செறிவின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

வகுப்பறையில் மறுக்கப்பட்ட வினா ஒன்று இன்று உலகெங்கும் வயலுக்கு நீர் இறைக்கிறது. வினவத் தயங்கும் மாணவ நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.