ராபர்ட் ஹூக்கும் ஜீப்போட கிராஸ் ஜாயிண்ட்டும்

ஹூக் விதின்னா உங்களுக்கு ஸ்பிரிங்கும் ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் கிராஃபும் ஞாபகம் வரும். அதே ஹூக்கோட இன்னொரு வேலை எண்ணூர் ரோட்டுல போற லாரிகளுக்கு அடியில சுத்திக்கிட்டே இருக்கு. மெக்கானிக் அதை 'கிராஸ் ஜாயிண்ட்'னு சொல்வார். நம்ம பாடப்புத்தகம் 'ஹூக்ஸ் ஜாயிண்ட்'னு சொல்லும்.

ராபர்ட் ஹூக் 1635 ஜூலை 18 அன்று இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தார். அப்பா பாதிரியார். 13 வயசுல அப்பாவை இழந்து லண்டன் வந்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகி, காற்று பம்ப் செய்து கொடுத்தார். வெளிக்காற்று உள்ளே கசியாம அடைக்கிறதுதான் அதுல பெரிய சவால். 1662ல் ராயல் சொசைட்டியின் சோதனைப் பொறுப்பாளர் ஆனார். 1665ல் மைக்ரோஸ்கோப்பில் கார்க்கைப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தார். 1666ல் லண்டன் எரிந்த பிறகு நகரத்தை அளந்து கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

வானியல் கருவிகளுக்காக யோசித்த அந்த ஜாயிண்ட்டை 1676ல் விளக்கி எழுதினார். இத்தாலியரான கார்டானோ பெயரால் ஐரோப்பாவில் அதற்கு 'கார்டன் ஜாயிண்ட்' என்றும் பெயர் உண்டு. இரண்டு கவை, நடுவில் ஒரு சிலுவை. கோணமா நிக்கிற ரெண்டு ஷாஃப்ட்டும் சேர்ந்து சுத்தும்.

ஆனா ஹூக் யோசித்தது கருவிகளுக்கு. துறைமுகப் பக்கம் ஓடுற வண்டிக்கு நிலக்கரித் தூசி, உப்புக் காத்து, மழைச் சேறு எல்லாம் உண்டு. பழைய ஜீப்பின் சிலுவையோட நாலு முனையிலும் ஊசி பேரிங் கப் இருக்கு. மண்ணைத் தடுக்க ஒரு சின்ன சீலும் உள்ளே இருக்கிற கிரீஸும்தான் காவல். சீல் போனா மண்ணும் தண்ணியும் உள்ளே போய், ஊசி துருப்பிடிச்சு, முனையில பள்ளம் விழும். கியர் போடும்போது 'டக்'னு சத்தம் வந்தாலோ, கப் ஓரத்துல செம்பழுப்புத் தூள் தெரிஞ்சாலோ தள்ளிப்போடாதீங்க. ஓடும்போது ஜாயிண்ட் உடைஞ்சா ஷாஃப்ட் ரோட்டுல தொங்கிடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல்ல நிப்பிளைத் துடைங்க. இல்லன்னா கிரீஸ் கன்னே மண்ணை உள்ளே தள்ளிடும். நாலு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பாக்குற வரைக்கும் அடிங்க. ஒண்ணுல மட்டும் வரலைன்னா, அந்த வழி அடைச்சிருக்கு. தண்ணியில இறங்கி ஏறின வண்டிக்கு மறுபடி கிரீஸ் அடிக்கணும். பிரஷர் வாஷை நேரா சீல் மேல பிடிக்காதீங்க. சுத்தம் பண்ண ஸ்லிப் ஜாயிண்ட்டைக் கழற்றினா, ரெண்டு அம்புக்குறியும் நேரா வர்ற மாதிரி மாட்டுங்க. ஒரு ஜாயிண்ட் தர்ற வேக ஏற்ற இறக்கத்தை இன்னொண்ணு சரிக்கட்டணும். மாத்தி மாட்டினா வண்டி அதிரும். முன் சக்கரத்தோட திரும்புற ஜாயிண்ட் உருண்டை உறைக்குள்ள இருக்கும். உறையைத் துடைக்கிற ஃபெல்ட் சீல் நைஞ்சிருந்தா மாத்திடுங்க.

ஹூக்கின் கடைசிக் காலம் நோயிலும் சண்டையிலும் கழிந்தது. ஈர்ப்பு விசையில் தனக்கும் பங்கு உண்டு என்று நியூட்டனோடு மோதினார். 1703 மார்ச் 3 அன்று இறந்தார். அதே ஆண்டு நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். இன்று ஹூக்கின் முகம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு ஓவியம்கூட இல்லை. அவரைப் பார்க்கணும்னா லாரிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. கையில ஒரு துணியும் கிரீஸ் கன்னும் இருக்கட்டும்.