ஒவ்வொன்றையும் நீந்தவிட்டுப் பார்த்தவர்

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் தூண்டில் கடை இருக்கிறது. நான் எஸ்டிபிஎம் தேர்வு எழுதி முடித்த ஆண்டில் அப்பாவுக்கு உடல்நலம் குன்றியது. ஆறு மாதத்திற்கு மட்டும் என்று கல்லாவில் அமர்ந்தேன். 11 ஆண்டுகள் ஓடிவிட்டன. எங்கள் கடைச் சுவரில் தொங்கும் சரக்குகளில் பலவற்றுக்கு முன்னோடியான ஒரு மனிதரைப் பற்றி இன்று சொல்லப்போகிறேன். அவரைத் தேடிப் படிக்க வைத்தது நான் செய்த ஒரு தவறு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்லும் முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். பினாங்குத் தீவின் தெற்கே, கெண்டித் தீவுப் பக்கம் தெங்கிரி மீனுக்காக இப்படிப் போவார்கள். தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்பது அதைத்தான். உயிர் மீனுக்குப் பதிலாக, மீன் வடிவில் செய்த செயற்கை இரையைக் கட்டுவார்கள். மலாய் நண்பர்கள் அதைக் கெவாங் என்பார்கள். அதன் வாயருகே சின்னத் தகடு ஒன்று இருக்கும். தண்ணீர் அதில் மோதும்போது இரை இடமும் வலமுமாக நெளியும். போட்டி என்றால் குறித்த நேரத்துக்குள் கரை திரும்பி மீனை எடை போட வேண்டும். ஒரு மணி நேரம் வீணானாலும் பரிசு கைநழுவலாம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு போட்டிக்கு முதல் நாள், எங்கள் நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு பெரியவர் பத்து இரைகள் வாங்கினார். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் மொத்தமாக எடுத்திருந்த சரக்கு அது. ஒன்றைக்கூட நான் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. கடலில் அவற்றில் ஏழு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடின. தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சிக்கெடுப்பதிலேயே அவருக்குப் பாதி நாள் போயிற்று. மறுநாள் பத்தையும் கல்லா மேசையில் வைத்துவிட்டு, பணத்தைக்கூடத் திரும்பக் கேட்காமல் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல இரை என்பது என்ன என்று தேடத் தொடங்கினேன். அப்படித்தான் லவ்ரி ராப்பலாவின் வாழ்க்கை எனக்குத் தெரியவந்தது.

ராப்பலா என்பது இன்று உலகமெங்கும் தெரிந்த ஒரு வணிகப் பெயர். ஆனால் அது அவரது குடும்பப் பெயரே அல்ல. அவர் 1905 நவம்பரில் பின்லாந்தின் சிஸ்மா என்ற ஊரில் பிறந்தார். ஏழு வயதில் தாயாருடன் அசிக்கலா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பதிவேட்டில் எழுத வேண்டிய பாதிரியாருக்கு அந்தத் தாயின் குடும்பப் பெயர் நினைவுக்கு வரவில்லை. அவர்கள் புறப்பட்டு வந்த கிராமத்தின் பெயரையே எழுதிவிட்டார். அந்தப் பெயருக்கு ஏறக்குறைய சேறு என்று பொருள். சேற்றின் பெயரைச் சுமந்த அந்த ஏழைச் சிறுவன்தான் பின்னாளில் அந்தப் பெயரை உலகம் அறியச் செய்தான்.

1928இல் அவருக்கும் எல்மாவுக்கும் திருமணம் நடந்தது. பின்லாந்தின் பெரிய ஏரிகளில் ஒன்றான பாயன்னே ஏரிக்கரையில் குடும்பம் நடத்தினார்கள். குளிர்காலத்தில் மரம் வெட்டும் வேலை. ஏரி உறையாத காலத்தில் மீன்பிடி. 1930களில் உலகையே வாட்டிய பொருளாதார மந்தம் அவர்களையும் விடவில்லை. நீண்ட கயிற்றில் வரிசையாகத் தொங்கும் முட்கள் ஒவ்வொன்றிலும் சிறு மீனைக் கோத்து ஏரியில் இறக்குவார். தினமும் மீண்டும் இரை கோக்க வேண்டும். அதிலேயே நேரமும் உழைப்பும் கரைந்தன.

துடுப்பு வலிக்கும்போது அவர் தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருப்பார். சிறு மீன்கள் கூட்டமாக நீந்தும். பெரிய வேட்டை மீன் வந்து பாயும். ஆனால் அது கூட்டத்தில் ஏதோ ஒன்றைப் பிடிப்பதில்லை. அடிபட்டதுபோல் சற்றே தடுமாறி நெளியும் மீனைத்தான் தேடிப் பிடிக்கும். பலர் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான். அதையே ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டவர் அவர். அப்படித் தடுமாறி நீந்தும் மீனை ஏன் கையால் செய்யக் கூடாது?

1936இல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, தம் முதல் இரையை உருவாக்கினார். மீன்செதிலின் பளபளப்புக்காக சாக்லெட் சுற்றிவரும் ஈயத்தாளை ஒட்டினார். தண்ணீர் புகாமலிருக்கப் பழைய புகைப்படச் சுருள்களை உருக்கிப் பூசினார். எல்லாம் கிடைத்ததை வைத்துச் செய்தவை. பொறியியல் படித்தவர் அல்லர் அவர். ஆனால் செய்த இரை சரியாக நெளிகிறதா என்று தண்ணீரில் இழுத்துப் பார்ப்பார். இல்லையென்றால் மறுபடியும் செதுக்குவார்.

அவர் பிடித்த மீனைக் கண்ட அக்கம்பக்கத்தார் இரை கேட்டு வந்தார்கள். பிறகு போர் வந்தது. தக்கை கிடைக்காத காலத்தில் மரப்பட்டையில் செதுக்கினார். பிற்பாடு எடை குறைந்த பால்சா மரத்துக்கு மாறினார். மகன்களும் வேலையில் சேர்ந்தார்கள். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்தபோது பின்லாந்துக்கு வந்தவர்கள் மூலம் அந்த இரைகள் வெளிநாடுகளுக்குப் போயின. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரான் வெபர், ரே ஆஸ்ட்ரம் ஆகிய இருவர் அவற்றை அங்கே இறக்குமதி செய்யத் தொடங்கினார்கள்.

1962 ஆகஸ்ட் மாதம் லைஃப் இதழில் இந்த இரையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நடிகை மர்லின் மன்றோ மறைந்ததை ஒட்டி வெளிவந்த இதழ் அது; நாடெங்கும் பரபரப்பாக விற்பனையானது. பல இலட்சம் இரைகளுக்குத் தேவை எழுந்தது. சரக்கு கிடைக்காமல் சில அமெரிக்கக் கடைக்காரர்கள் இரையை நாள் வாடகைக்கு விட்டார்களாம்!

மாணவர்களே, ஒரு வணிகரின் குணம் வெளிப்படுவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். சோதனையைக் கைவிட்டால் இரு மடங்கு சரக்கை அனுப்பலாம். ஆனால் அந்தக் குடும்பம் இயந்திரங்களைப் பெருக்கியதே தவிர, ஒவ்வோர் இரையையும் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்துச் சரிசெய்யும் வழக்கத்தை விடவில்லை. 1974 அக்டோபரில், தமது 68ஆம் வயதில் ராப்பலா மறைந்தார். அந்த வழக்கம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

இதைப் படித்தபின் கடையின் பின்கட்டில் நீளமான தொட்டி ஒன்றை வைத்தேன். விற்கும் ஒவ்வோர் இரையையும் அதில் இழுத்துப் பார்க்கிறேன். வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், நரம்பு கட்டும் வளையத்தைக் குறட்டால் மிக இலேசாக இடப்பக்கம் வளைக்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். ஓர் இரைக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். சரியாகாதவற்றை ஒதுக்கிவிடுகிறேன். முதல் ஆண்டில் இலாபம் குறையத்தான் செய்தது. மலிவுச் சரக்கு விற்கும் கடைக்குச் சிலர் போய்விட்டார்கள்.

அந்தப் பெரியவரின் வீட்டுக்கே சென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் கடைப்பக்கம் வரவில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலை உள்ளே வந்தார். எதுவும் பேசாமல் பின்கட்டுக்குப் போய், நான் இரையை இழுத்துப் பார்ப்பதைச் சிறிது நேரம் நின்று கவனித்தார். பிறகு இரண்டே இரண்டு வாங்கிக்கொண்டு போனார். பத்து வாங்கும் அளவுக்கு நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை. அதைத் திரும்பப் பெறும் வேலை என்னுடையது.