கணக்குக் கொடுத்த மந்திரி

கோவைப் பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு தோழரைக் கேட்டுப் பாருங்கள். ஷிப்டு முடிந்து அவர் வெளியே வருவதற்குள், எவ்வளவு நூல் ஓடியது, எவ்வளவு கழிவு விழுந்தது, எவ்வளவு நேரம் இயந்திரம் நின்றது என்பதெல்லாம் கணக்கில் ஏறிவிடும். குறைந்தால் மேஸ்திரி கேட்பார். தொடர்ந்து குறைந்தால் நோட்டீஸ் வரும். எட்டு மணி நேர வேலைக்கே இத்தனை கணக்கு! ஐந்து வருஷ வேலையை, பத்து வருஷ வேலையை, ஒரு ஜில்லாவின் தலையெழுத்தையே மாற்றும் வேலையை ஏற்றுக்கொள்ளும் மந்திரியிடம் கணக்குக் கேட்பது யார்? எப்போது கேட்பது? எந்தப் படியால் அளப்பது?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் கொங்கு மண்ணில் பிறந்து, சென்னையிலும் டில்லியிலும் மந்திரியாக இருந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று புரட்டிப் பார்ப்போம். திரு. சி. சுப்பிரமணியம் நம் அணியில் நின்றவர் அல்லர். 1967-ல் அவரைத் தோற்கடிக்க வீதிவீதியாகச் சென்றவர்களில் நம் தோழர்களும் இருந்தார்கள். அதற்காக அவருடைய வாழ்க்கை சொல்லும் பாடத்தை வேண்டாமென்று தள்ளிவிட முடியுமா?

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30-ஆம் தேதி ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தார். பிறகு சட்டம் படித்தார். 1936-ல் கோவையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினராக இருந்தார். 1952 முதல் 1962 வரை பத்து வருஷங்கள் சென்னை ராஜ்யத்தின் மந்திரி. நிதியும் கல்வியும் அவர் கையில் இருந்த இலாகாக்களில் முக்கியமானவை.

1954-ல் ராஜாஜி விலகியபோது, சட்டசபைக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்றவர் சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 வாக்குகள், இவருக்கு 41. தோற்றவரை ஒதுக்கித் தள்ளாமல் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார் காமராஜர். ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த கல்வித் திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று நாடெங்கும் எதிர்ப்பைச் சம்பாதித்திருந்தது. அதே மந்திரிசபையில் உட்கார்ந்திருந்த சுப்பிரமணியம், 1954 மே மாதத்தில் கல்வி மந்திரியாக எழுந்து நின்று, அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று சட்டசபையில் அறிவித்தார். மக்கள் வேண்டாமென்று தீர்ப்பளித்த திட்டத்தைக் கௌரவம் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுவது மந்திரி வேலையல்ல என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

அடுத்து வந்தது பகல் உணவு. 1956-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முன்னேற்றத்தை அறிய யாரும் கோட்டைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் அடுப்புப் புகைந்தால் சோறு உண்டு. புகையாவிட்டால் ஊரே வந்து வாத்தியாரைக் கேட்கும். மக்கள் தங்கள் கண்ணாலேயே அளக்கக்கூடிய திட்டத்தில் மந்திரி ஒளிந்துகொள்ள இடமில்லை. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் தண்ணீர். ஆனைமலையில் கொட்டும் மழை மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பல்லடத்திலும் உழவன் கவலை ஓட்டி, வறண்ட கிணற்றை மேலும் மேலும் தோண்டிக்கொண்டிருந்தான். மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும். ஆனால் ஆறுகள் ஓடுவது கேரளத்துக்கு. சென்னையில் காமராஜர் மந்திரிசபை. திருவனந்தபுரத்தில் தோழர் ஈ.எம்.எஸ். மந்திரிசபை. கொடிகள் வேறு, கொள்கைகள் வேறு. ஆயினும் பேசினார்கள். 1970-ல் முறைப்படி கையெழுத்தான ஒப்பந்தம், 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. 1961 அக்டோபர் 7-ஆம் தேதி பிரதமர் நேரு பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று அணைகள் வரிசையாக எழுந்தன.

இது சுப்பிரமணியம் ஒருவரால் வந்தது என்று சொன்னால் அது பொய். ஊர் ஊராகக் கூடிக் குரல் கொடுத்த விவசாயிகள் உண்டு. இரவு பகல் உழைத்த இன்ஜினீயர்கள் உண்டு. மலையைக் குடைந்த தொழிலாளர்கள் உண்டு. ஆனால் நிதி மந்திரி அந்தத் தாலுகாவின் பிள்ளை. திட்டம் தவறினால் சொந்த ஊர் வாய்க்கால் கரையில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயம் ஒரு மந்திரிக்கு இருப்பது நாட்டுக்கு நல்லது.

1962-ல் பொள்ளாச்சியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு டில்லி சென்றார். முதலில் உருக்கு இலாகா. 1964 ஜூனில் லால்பகதூர் சாஸ்திரி மந்திரிசபையில் உணவும் விவசாயமும். உணவு இலாகா என்றால் அப்போது பெரிய தலைவர்களும் பின்வாங்குவார்கள். ரேஷன் கடையில் வரிசை; கடலில் அமெரிக்கக் கோதுமைக் கப்பல். கப்பல் தாமதித்தால் மந்திரியின் தலை உருளும். அந்த நாற்காலியில் தெரிந்தே உட்கார்ந்தார் சுப்பிரமணியம்.

உட்கார்ந்தவர் என்ன செய்தார்? உற்பத்தியைப் பெருக்குவோம் என்று மேடையில் முழங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு முன்னும் பின்னும் அப்படி முழங்கியவர்கள் எத்தனையோ பேர்! அவர் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். உழவனுக்கு நியாய விலை கிடைக்காமல் விளைச்சல் பெருகாது. அதற்கு 1965-ல் விவசாய விலைக் கமிஷன். விளைந்ததை வாங்கிச் சேமிக்க ஒரு ஸ்தாபனம் வேண்டும். அதற்கு இந்திய உணவுக் கழகம். 1965 ஜனவரி 14, பொங்கல் நாளில், தஞ்சாவூரில் அதன் வேலை தொடங்கியது. விளைச்சலைக் கூட்ட நல்ல விதை வேண்டும். அதற்கு விஞ்ஞானிகளை அழைத்து உட்காரவைத்தார். டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் போன்றவர்களின் ஆராய்ச்சி வயலுக்கு இறங்கியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பு, ஒரு கெடு, ஒரு அளவு. கெடு போனால் இன்னாரைக் கேட்கலாம் என்று ஆயிற்று.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அன்னியச் செலாவணி இல்லை என்றது நிதி இலாகா. திட்டக் கமிஷனில் தயக்கம். வெளிநாட்டு விதையையும் உரத்தையும் நம்பினால் நாடு அடிமையாகும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான். பார்லிமெண்டில் நின்று அவர் பதில் சொன்னார். 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியது. டில்லியில் தாம் குடியிருந்த மந்திரி பங்களாவின் புல்வெளியை உழுது, அதே விதையை விதைத்தார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும் என்பதுதானே அதன் பொருள்?

இதற்கிடையே வானம் பொய்த்தது. 1964-65-ல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல், 1965-66-ல் 7 கோடியே 20 லட்சம் டன்னாக விழுந்தது. 1966-ல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களைச் சிறுகச் சிறுக விட்டு நாட்டின் கையை முறுக்கினார். அதற்கு முன்னதாகவே 1965 பிப்ரவரியில், ஹிந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தபோது, சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய மந்திரிசபையிலிருந்து ராஜினாமாக் கொடுத்தார்கள். சாஸ்திரி உறுதிமொழி தந்த பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் தமிழ் மக்களின் கோபம் அத்தோடு திரும்பிவிடவில்லை.

1967 வந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கோஷம் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. அரிசிக்கு வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு மெக்ஸிகோ விதையைப் பற்றி என்ன கவலை? கோபிசெட்டிபாளையம் தொகுதியில் உணவு மந்திரி தோற்றார். அந்தத் தீர்ப்பை நாம் குறை சொல்லவில்லை. பசித்தவன் கேட்ட கணக்கு அது. கேட்க அவனுக்கு உரிமை உண்டு. மூன்று படி கேட்டவர்களுக்கு அந்த வருஷமே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்தது. மீதி இரண்டு படிக்குக் கணக்கு எங்கே என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1964-65-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன்னாயிற்று. மொத்தத் தானியம் 9 கோடியே 50 லட்சம் டன். வடக்கே கிடங்கு போதாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டைகளை அடுக்கினார்கள். அறுவடை நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் திரு. ஜகஜீவன் ராம். விதைத்தவர் வீட்டில் இருந்தார்.

நெடுநாள் திட்டத்தின் சங்கடம் இதுதான், தோழர்களே. தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. திட்டம் பலன் தரப் பத்து வருஷம் ஆகிறது. உழைத்த மந்திரி தோற்கிறார். உறங்கிய மந்திரி, முன்னவர் வைத்த மரத்தின் நிழலில் மாலை வாங்கிக்கொள்கிறார். ஆகவே வாக்குச் சீட்டு ஒன்றே போதும் என்று நாம் இருந்துவிடலாகாது. வருஷத்துக்கு வருஷம், படிக்குப் படி, கணக்குக் கேட்கும் பழக்கம் வேண்டும்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். விளைச்சலுக்குக் கணக்கு இருந்தது. கூலிக்குக் கணக்கு இல்லை. தண்ணீரும் நிலமும் உள்ளவர் வளர்ந்தார். நெல் பெருகிய தஞ்சை ஜில்லாவிலே, கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். நட்டவர் கைக்கு எவ்வளவு வந்தது என்ற பத்தியே இல்லாத திட்டக் கணக்கு அரைக் கணக்கு. இந்தக் குறையைச் சுப்பிரமணியத்தின் பெயரிலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

1971-ல் கிருஷ்ணகிரியிலிருந்து மீண்டும் பார்லிமெண்டு சென்றார். திட்ட மந்திரி, திட்டக் கமிஷனின் உதவித் தலைவர், நிதி மந்திரி, பாதுகாப்பு மந்திரி, மகாராஷ்டிர கவர்னர் என்று பல பதவிகளை வகித்தார். 1998-ல் பாரத ரத்னா விருது வந்தது. 2000 நவம்பர் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார். அவர் அமர்ந்திருந்த திட்டக் கமிஷன் 2015-ல் மறைந்தது. பன்னிரண்டாவதோடு 2017-ல் ஐந்தாண்டுத் திட்டங்களும் முடிந்தன. குறைகள் ஆயிரம் இருக்கட்டும், ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒரு கெடு இருந்தது. கெடு முடிந்ததும் கேட்க ஒரு நாள் இருந்தது. இப்போது அந்த நாளை நாமேதான் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் கொங்குச் சீமையையே பாருங்கள். பவானிசாகர் அணை வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. ஏழு வருஷம். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை 1950-களின் இறுதியிலிருந்தே மக்கள் கேட்டு வந்தார்கள். எத்தனை தேர்தல் அறிக்கை! எத்தனை வாக்குறுதி! 2019 பிப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். 2024 ஆகஸ்டு 17-ஆம் தேதி திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் கொண்டுபோகும் திட்டம். கட்டி முடிக்க ஐந்தரை வருஷம். அடிக்கல்லுக்குக் காத்திருந்தது அறுபது வருஷம்! அந்த அறுபது வருஷத்துக்கு எந்த மந்திரி பதில் சொன்னார்? பரம்பிக்குளத்தின் மிச்ச வேலையான ஆனைமலையாறு - நல்லாறு திட்டத்திலோ, இதை எழுதும் நாள் வரை தண்ணீர் வரவில்லை.

என்ன செய்வது? வழி இருக்கிறது. சட்டசபையில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு இலாகாவும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. போன வருஷக் குறிப்பையும் இந்த வருஷக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே வாக்கியம் தேதி மட்டும் மாறி வந்திருந்தால் கோடு போட்டு வையுங்கள். சபையில் மந்திரி கொடுத்த வாக்குறுதியைத் தொடர்ந்து பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. அது என்ன செய்தது என்று நம் எம்.எல்.ஏ.வைக் கேளுங்கள். செலவைத் தணிக்கை செய்யும் அறிக்கை இருக்கிறது. 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு தோழர் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். நம் கட்சி ஆட்சியில் பங்கேற்கும் நாளிலும் இதே கோடு, இதே கேள்வி. அந்த நாளில் கேட்பதுதான் கடினம். ஆகவே அந்த நாளில் கேட்பவன்தான் உண்மைத் தொண்டன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பதைத் தலைமதகில் நின்று பார்த்தால் தெரியாது. அங்கே எப்போதும் தண்ணீர் இருக்கும், மாலையும் மேளமும் இருக்கும். கடைமடைக்குப் போய் மண்ணை மிதித்துப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் மந்திரி கணக்குக் கொடுத்துவிட்டார். இல்லையென்றால், தோழர்களே, நாம் இன்னும் கேட்கவில்லை.