ஜெயிச்சதை விட அதிகமா தோத்த கோச்

கன்சாஸ் பல்கலைக்கழக பேஸ்கட்பால் டீம் அமெரிக்காவுல ரொம்பப் பெரிய பேர். அந்த டீமோட கோச்சுகள்ல ஜெயிச்சதை விட அதிகமா தோத்தவர் ஒரே ஒருத்தர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. அவர் யார்னு கேட்டா சிரிப்பீங்க. பேஸ்கட்பாலையே கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நைஸ்மித்!

1861-ல் கனடாவின் ஆன்டாரியோவில் பிறந்தார். ஒன்பது வயசுக்குள்ள அப்பா, அம்மா ரெண்டு பேரும் டைஃபாய்டில் போய்ட்டாங்க. மாமா வீட்டில் வளர்ந்தார். நடுவுல ஸ்கூலை விட்டுட்டு மரம் வெட்டப் போய், அப்புறம் திரும்பி வந்து படிச்சு, மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஃபுட்பால், ரக்பி, ஜிம்னாஸ்டிக்ஸ், லாக்ராஸ் எல்லாம் ஆடினார். லாக்ராஸ்னா, நுனியில் வலை கட்டின குச்சியால பந்தைப் பிடிச்சு எறியற ஆட்டம். நல்லா அடி விழும்.

படிப்பு முடிஞ்சு ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். 1891 குளிர்காலம். வெளியே விளையாட முடியாம பசங்க உள்ளேயே எரிச்சலில் இருந்தாங்க. புது ஆட்டம் ஒண்ணு கண்டுபிடின்னு அவருக்குக் கிடைச்ச டெட்லைன் 14 நாள். ஃபுட்பாலையும் லாக்ராஸையும் ஹாலுக்குள்ள ஆட வெச்சுப் பார்த்தார், சரிப்படலை.

அடுத்து அவர் செஞ்சதுதான் எனக்குப் பிடிச்சது. நம்ம பாஷையில் ரூட் காஸ் அனாலிசிஸ். ஆட்டத்தில் ஏன் முரட்டுத்தனம் வருது? பந்தோட ஓடறவனை நிறுத்தணும்னா அவன் மேல விழணும். சரி, பந்தோட ஓடவே கூடாது. கோலை நோக்கி ஏன் வேகமா எறியறாங்க? கோல் நேரா எதிர்ல நிக்குது. அதைத் தலைக்கு மேல படுக்க வெச்சா, மெதுவா வளைச்சுத்தான் போடணும். சின்ன வயசில் பாறை மேல இருக்கிற கல்லைக் குறி பார்த்து அடிக்கிற ஆட்டம் ஆடியிருந்தார், அங்கிருந்து வந்த யோசனை இது. வாட்ச்மேனிடம் சதுரப் பெட்டி கேட்டார். கிடைச்சது ரெண்டு பீச் பழக்கூடை. மாட்டின பால்கனி உயரம் 10 அடி. இன்னைக்கும் அதே 10 அடிதான். மொத்தம் 13 விதி. முதல் மேட்ச் ஸ்கோர் 1-0.

டாக்டர் பட்டம் வாங்கிட்டு 1898-ல் கன்சாஸ் வந்தார். ஒன்பது சீஸன் கோச். ஆனா இந்த ஆட்டத்தை யாரும் கோச் பண்ணத் தேவையில்லை, ஆடினா போதும் என்பது அவர் எண்ணம். உடம்பும் குணமும் வளரணும், ஸ்கோர் அப்புறம். அவரோட மாணவர் ஃபாக் ஆலன் இதை ஏத்துக்கலை. 1907-ல் ஆலனே கோச் ஆனார், ஜெயிச்சுத் தள்ளினார். ஜெயிக்கிறதுக்குத்தான் கோச்னு உலகமும் ஆலன் பக்கமே போச்சு.

ஆனா கதை அங்கே முடியலை. 1933-ல் ஜான் மெக்லெண்டன்னு ஒரு கறுப்பின மாணவர் கன்சாஸுக்கு வந்தார். உடற்கல்விப் பாடத்தில் சேரலாம், பல்கலைக்கழக டீமில் ஆட முடியாது. நிறம்தான் காரணம். அவருக்கு ஆலோசகரா அமைஞ்சவர் எழுபதைத் தாண்டின நைஸ்மித். கோச்சிங்கே வேண்டாம்னு நினைச்ச மனுஷன், கோச் ஆகணும்னு வந்த பையனுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தார். பந்து எங்கே இருக்கோ அங்கேயே, மைதானம் முழுக்க எதிரியை மடக்கணும்னு மெக்லெண்டன் கத்துக்கிட்டது அங்கேதான்.

1936-ல் பேஸ்கட்பால் ஒலிம்பிக்ஸுக்குப் போச்சு. பெர்லினுக்கு நைஸ்மித்தும் போனார். ஃபைனல் திறந்தவெளியில், மழைச் சேற்றில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த ஊரா, வாழ்ந்த ஊரா, யார் பக்கம் கைதட்டியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

1939 நவம்பரில் இறந்தார். டீமில் இடம் கிடைக்காத அந்த மெக்லெண்டன் டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு கோச் ஆகி, 1957, 58, 59 மூணு வருஷமும் தொடர்ந்து தேசிய சாம்பியன்ஷிப் ஜெயிச்சார். வெள்ளைக்காரக் கல்லூரிகளும் சேர்ந்து ஆடின போட்டி அது.